வனவிலங்குகளின் நடுவே ஓர் இரவு: மலையில் கூடாரமிடும் முறை

நீலகிரியின் சீகூர்ச் சரிவிலிருந்து தெற்கே அகத்தியமலை வரையில் விரிந்து கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வனங்களுக்குள் ஓர் இரவைக் கழிக்க விரும்புகிற பிரயாணி, கூடாரத்தையும் கம்பளியையும் சேகரிப்பதற்கு முன்பாகத் தன் மனத்தில் நிலைநிறுத்திக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யானையோ, கரடியோ, காட்டெருமையோ மனிதனைத் தேடி வந்து தாக்குவது அபூர்வம். மனிதன் இருப்பதை முன்கூட்டியே அறிந்துகொண்ட மிருகம் பெரும்பாலும் தானாகவே விலகிப் போய்விடுகிறது. அவ்வாறு விலகுவதற்கு வேண்டிய இடமும் அவகாசமும் இல்லாமல், இரு தரப்பாரும் திடீரென்று எதிரெதிரே நின்றுவிடுகிற சில கணங்களில்தான் காட்டு விபத்துகளில் மிகப் பல நிகழ்கின்றன. ஆகவே கூடாரவாசத்துக்குரிய விதிகள் எத்தனை இருப்பினும் அவையெல்லாம் ஒரே தத்துவத்தில் அடங்கும்: மிருகத்துக்கும் நமக்கும் இடையே தூரம் வேண்டும், அந்தத் தூரம் குறுகாதிருக்கும்படி நம் வருகை அதற்கு முன்னதாகவே தெரிய வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவன யாவும் இதன் விரிவுரையே.

அனுமதியும் பருவமும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டின்றி நுழைவதும், ஆயுதத்தோடு பிரவேசிப்பதும், காட்டுக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதும் குற்றங்களாகும். முதுமலை, ஆனைமலை, களக்காடு–முண்டந்துறை முதலிய புலிகள் காப்பகங்களில், மனத்துக்குப் பிடித்த ஓடைக்கரையில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம் என்னும் எண்ணத்தோடு ஒருவரும் புறப்படலாகாது. வனத்துறையார் ஏற்பாடு செய்திருக்கும் இடங்களில், அவர்களுடைய ஆட்களோடு தங்குவதே நியாயமான வழி. கேரள எல்லைக்குள் பரம்பிக்குளத்தைச் சேர்ந்த ஆனப்பாடியில் கூடாரங்கள் இருக்கின்றன. பெரியாறு காப்பகத்தில் காட்டுக்குள் நடந்து சென்று கூடாரத்தில் இரவு தங்கித் திரும்பும் யாத்திரைக்கு ஏற்பாடு உண்டு. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் உச்சிக்குக் கேரளப் பக்கமாக ஏறுகிறவர்கள் அதிருமலை முகாமில் இராத்தங்கிவிட்டு மறுநாள் உச்சியைக் காண்கிறார்கள். தமிழ்நாட்டில் பொள்ளாச்சிக்கு மேலே உள்ள டாப்ஸ்லிப்பில் வனத்துறையின் விடுதிகள் உண்டு. முதன்முறை செல்வோர் இவற்றுள் ஒன்றில் தொடங்குவது உசிதம்.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும்; வால்பாறைக்குப் பக்கத்தில் உள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று என்பதைப் பலர் அறிவர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் பெய்யும்போது, நாம் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருந்தாலும் மேலே கொட்டிய மழையினால் ஓடை சட்டென்று பெருகிவிடுவது உண்டு. பிப்ரவரி தொடங்கி முதல் கோடைமழை வரையில் புல்வெளிகள் காய்ந்து தீக்காலமாக மாறுகின்றன. தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதியன்று காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் அகப்பட்டு, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும், அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளை வகுத்ததும் மறக்கத்தக்கவை அல்ல. அந்த மலைச்சரிவில் உயிர்களைப் பறித்தது எந்த மிருகமும் அன்று. தீக்காலத்தில் தடங்களை மூடிவைப்பது வனத்துறையின் வழக்கம். அப்போது வேறு வழியாகப் புகப் பார்ப்பது அறிவீனம். மழை ஓய்ந்து, புல் இன்னும் பசுமை மாறாத டிசம்பர், ஜனவரி மாதங்களே சிறந்தவை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி வீதம் வெப்பம் குறைவதையும், அவலாஞ்சி, மேல்பவானி போன்ற இடங்களில் அம்மாதங்களில் உறைபனி விழுவதையும் எண்ணி, பருத்தித் துணியோடு கம்பளி ஆடையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

துணைக்கு வரும் வனவாசி

காடர், மலசர், முதுவர், பளியர், காணிக்காரர் ஆகிய மக்களுள் அந்தந்தப் பிரதேசத்துக்கு உரியவர் ஒருவர் உடன் வராமல் காட்டில் தங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். பெரியாற்றில் முற்காலத்தில் வயணமரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வந்தவர்களே இன்று அக்காட்டின் காவலர்களாகவும், பிரயாணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் மாறியிருக்கிறார்கள் என்பது, காட்டை அறிந்தவனுடைய அறிவு எத்தகைய மூலதனம் என்பதை நன்கு விளக்கும். நமக்கு வெறும் பாதையாகத் தோன்றுகிற இடத்தில் அவர் ஒரு கடிதத்தையே வாசித்துவிடுகிறார். யானை லத்தியின் ஈரத்தையும் சூட்டையும் தொட்டுப் பார்த்து, மந்தை கடந்து சென்று எத்தனை நாழிகை ஆயிற்று என்று சொல்வார். முன்னங்கால் சுவடு வட்டமாகவும் பின்னங்கால் சுவடு சற்று நீண்டும் இருப்பதைக் கொண்டு அது சென்ற திசையை உணர்வார். முன்னங்கால் சுவட்டின் சுற்றளவை இருமடங்காக்கினால் தோள் உயரம் கிடைக்கும் என்னும் கணக்கை நாமும் கற்றுக்கொள்ளலாம். ஒடிந்த மூங்கிலில் கசியும் நீரும், மரப்பட்டையில் உரசிய சேறும் அவருக்குப் பேசும். அத்தகையவர் "இன்று இந்தப் பக்கம் வேண்டாம், திரும்பலாம்" என்று சொன்னால், காரணம் கேட்டு நின்று விவாதிக்காமல் திரும்பிவிடுவதே விவேகம். காரணத்தை முகாமுக்கு வந்தபின் ஆற அமர விசாரித்துக்கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கூடாரம் போடும் இடத்தைப் பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே தீர்மானித்துவிட வேண்டும். இருட்டில் தேர்ந்தெடுத்த இடம் எப்போதும் தவறான இடமாகவே அமைவது காட்டின் இயல்பு.

முதலாவதாக, நீர்நிலையை விட்டு விலக வேண்டும். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் அருந்துகிறது. மாலையிலும் இரவிலும் மிளாவும் காட்டெருமையும் செந்நாயும் நீருக்கு வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து வருகின்ற புலியும் சிறுத்தையும் உண்டு. கரையை மனிதர் ஆக்கிரமித்துக்கொண்டால் தாகத்தோடு வந்த மிருகம் எங்கே போகும்? குறைந்தது நூறு மீட்டராவது தள்ளித் தங்கி, பகல் வெளிச்சத்திலேயே வேண்டிய நீரை மொண்டு வைத்துக்கொள்ள வேண்டும். உவர்மண் உள்ள இடங்களையும் இவ்வாறே தவிர்க்க வேண்டும். அந்த மண்ணைத் தின்பதற்காக வெகுதூரத்திலிருந்து மிருகங்கள் வருகின்றன.

இரண்டாவதாக, தடத்தை விட்டு விலக வேண்டும். யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து பழகிய பாதைகள் மலையில் உண்டு. இரண்டு சிகரங்களுக்கு இடையே தாழ்ந்திருக்கும் கணவாய் மனிதனுக்கு வசதியாகத் தோன்றுவது போலவே யானைக்கும் வசதியாகத் தோன்றுகிறது. சீராகவும், முள்ளின்றியும், ஏற்றம் மெல்லியதாகவும் உள்ள பாதையைக் கண்டு மகிழ்ச்சியடைந்து அதன் ஓரத்தில் கூடாரமிடுகிறவர், அப்பாதையை யார் அமைத்தார்கள் என்று ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புலியும் சிறுத்தையும்கூட முட்புதரைத் தவிர்த்து வழித்தடத்திலேயே நடக்கின்றன.

மூன்றாவதாக, மறைவை விட்டு விலக வேண்டும். பாறை இடுக்கும் குகையும் மழைக்கு ஒதுங்க நன்றாக இருப்பினும், அவை கரடிக்கும் சிறுத்தைக்கும் வீடுகள். மூங்கிற்புதரும், ஈத்தல் காடும், சோலையின் ஓரமும் பார்வையை மறைக்கின்றன. பலா, அத்தி முதலியவை பழுத்திருக்கும் காலத்தில் அவற்றின் அடியில் படுப்பது யானைக்கும் கரடிக்கும் விருந்து மண்டபத்தில் படுப்பதாகும். பட்டமரத்தின் கீழும், மலைத்தேனீயின் அடைகள் தொங்கும் பாறைக்கும் பெருமரத்துக்கும் கீழும், இடி விழக்கூடிய மொட்டை முகட்டிலும் தங்கலாகாது. நாற்புறமும் பார்வை எட்டுகிற, சற்று மேடான, புல் குறைந்த திறந்தவெளியே தகுந்த இடம். யானையினால் தாவ இயலாது என்னும் உண்மையை ஆதாரமாகக் கொண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்களின் முகாம்களைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறார்கள். அந்த அகழி சூழ்ந்த பகுதிக்குள் இடம் கிடைக்குமானால் அதற்கு நிகரான இடம் வேறில்லை.

காற்றும் மணமும் ஆகாரமும்

மலையில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. பகலில் வெயிலால் சூடேறிய காற்று சரிவின் வழியே மேலே ஏறுகிறது. பொழுது மறைந்ததும் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. நாம் சமைக்கிற குழம்பின் வாசனையும், உடம்பின் வியர்வை நெடியும் இரவில் கீழ்நோக்கியே செல்கின்றன. மிருகங்கள் கூடுகிற ஓடையும் அங்கேதான் இருக்கிறது. யானையின் கண் பார்வை அவ்வளவு கூர்மையானது அன்று. மோப்ப சக்தியோ அளவிடற்கரியது. ஆகவே, அடுப்பும் ஆகாரமும் கூடாரத்துக்கு அறுபது எழுபது மீட்டராவது தள்ளி, சரிவின் கீழ்ப்புறத்தில் இருக்க வேண்டும். வாசனையைப் பின்பற்றிக் கீழேயிருந்து ஏறி வருகின்ற மிருகம் உறங்குகிறவர்களிடம் வராமல் முதலில் அடுப்படியிலேயே நின்றுவிடும்.

உணவைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடும்படி வெளிநாட்டு நூல்கள் போதிக்கின்றன. நம் மலைக்கு அது முழுவதும் பொருந்தாது. யானையின் துதிக்கை உயரமான கிளைக்கும் எட்டும். நம் கரடி தேனுக்காக மரமேறுவதில் கெட்டிக்காரன். குரங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. காற்றுப் புகாத உலோகப் பாத்திரங்களில் அடைத்து, முகாமில் கட்டடம் இருந்தால் அதற்குள் வைத்துவிடுவதே உத்தமம். உப்பு, வெல்லம், வாழைப்பழம், தேங்காய், பலாச்சுளை ஆகியவை யானைக்கு மிகவும் பிரியமானவை. அவற்றைக் கொண்டுபோகாமலிருப்பது நன்று. சமையலை வெளிச்சத்திலேயே முடித்து, பாத்திரங்களைக் கழுவி, எச்சிலைக் கூட்டி எடுத்துவிட்டுப் பொழுதடைவதற்குள் உண்டு முடிக்க வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கோத்துத் துண்டும் இருக்கலாகாது. மணமுள்ள சோப்பும் தைலமும் ஆகாரத்தோடு சேர்த்தே வைக்கத்தக்கவை.

இந்த விஷயத்தில் அலட்சியம் செய்கிறவர் தமக்கு மட்டுமே தீங்கு செய்துகொள்வதில்லை. மனிதருடைய தானியத்தைச் சுவைத்துப் பழகிய யானை அதை மறப்பதில்லை. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்து வந்த அரிக்கொம்பன் என்னும் ஆண்யானை, 2023 ஏப்ரலில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டுப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்டது. அங்கிருந்து நடந்து மே மாதத்தில் கம்பம் நகருக்குள் நுழைந்து, ஜூனில் மறுபடியும் பிடிபட்டு, முண்டந்துறைப் பக்கத்து மலைக்குக் கொண்டுபோகப்பட்டது. பிரயாணி வீசியெறிகிற சோற்றுப் பொட்டலமும் அதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது.

மிருகங்களின் சுபாவம்

யானை: இம்மலையில் எல்லாவற்றினும் அதிகமாக ஜாக்கிரதை வேண்டியது யானையிடந்தான், நம் தேசத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் யானையால் உயிரிழக்கிறார்கள். மூத்த பெண்யானை நடத்திச் செல்கிற கூட்டத்தில் கன்று இருந்தால் தாயின் பொறுமை குறைந்திருக்கும். கன்னத்தில் மதநீர் வழிகிற ஒற்றைக் கொம்பனைத் தூரத்தில் கண்டாலே வந்த வழியே திரும்பிவிட வேண்டும். யானையைக் காணும்போது முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை. நம் வாடை அதனிடம் போகாத பக்கமாக, சத்தமின்றி, வந்த வழியே பின்வாங்க வேண்டும். காதுகளை அகல விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு சில அடிகள் ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல். காதுகளை ஒடுக்கி, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு மௌனமாக வருவது மெய்யான தாக்குதல். அதன் ஓட்டத்தை எந்த மனிதனாலும் வெல்ல முடியாது. பெருமரம், பாறை, ஆழ்ந்த பள்ளம் ஆகியவற்றை இடையே வைத்துக்கொள்வதும், தோளிலுள்ள பையையோ மேல்துணியையோ எறிந்து அதன் கவனத்தைத் திருப்புவதுமே வழிகள்.

கரடி: கறையான் புற்றையும் தேனையும் நாடித் தலையைக் குனிந்துகொண்டு உறிஞ்சுவதில் மூழ்கியிருப்பதால், பிறர் வருவதை இது எளிதில் கவனிப்பதில்லை. பார்வையும் மந்தம். ஆகவேதான் நெருக்கத்தில் மனிதனைக் கண்டு திடுக்கிட்டு எழுந்து, நீண்ட நகங்களால் முகத்தையே கிழிக்கிறது. புற்றும் புதரும் உள்ள சரிவில் நடக்கையில் இயல்பான குரலில் பேசிக்கொண்டே போவது சிறந்த காப்பு. எதிர்ப்பட்டால் ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, முகத்தைத் தரையில் பதித்து, பிடரியைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

காட்டெருமை: காளை ஆயிரம் கிலோ அளவுக்குக் கனக்கும். கூட்டமாக இருக்கும்போது சாதுவாகவே ஒதுங்கும். தனித்த கிழட்டுக் காளை எப்போது திரும்பும் என்று சொல்ல இயலாது. பக்கவாட்டில் நின்று உடலைப் பெரிதாகக் காட்டினாலோ, உரக்கச் சீறினாலோ அது நமக்கு விடுக்கும் எச்சரிக்கை.

புலியும் சிறுத்தையும்: இவற்றை நாம் காண்பதைவிட இவை நம்மைக் காண்பதே அதிகம். எதிர்ப்பட்டால் முதுகைக் காட்டி ஓடாமலும், குனியாமலும், நிமிர்ந்து நின்று, பார்வையை அகற்றாமல் மெதுவாகப் பின்னடைய வேண்டும். குழந்தைகளை நடுவில் விட்டு நடத்திச் செல்ல வேண்டும். நாயை உடன் அழைத்துச் செல்வது பெரும் பிழை. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை என்பதோடு, யானையையோ கரடியையோ குரைத்துச் சீண்டிவிட்டு நாய் ஓடிவந்து ஒளிவது எஜமானனுடைய கால்களுக்கு இடையில்தான்.

இராக்காலம்

காட்டில் இருட்டியபின் நடமாட்டம் நமக்குரியது அன்று. இயற்கை உபாதைகளை முன்னதாகவே முடித்துக்கொண்டு, இரவில் வெளியே போக நேர்ந்தால் ஒருவராகப் போகாமல் இருவராக, கூடாரத்தின் வாயிலிலேயே நின்று விளக்கொளியை நாற்புறமும் சுழற்றிப் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே போக வேண்டும். செருப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு, அணிவதற்கு முன்பு உதறிப் பார்ப்பது தேளிடமிருந்தும் பாம்பிடமிருந்தும் காக்கும். திறந்தவெளியில் படுப்பதைக் காட்டிலும் நன்கு மூடிய கூடாரம் மேலானது.

உறக்கம் வராதவர்கள் காட்டின் ஒலிகளைக் கவனிக்கலாம். மிளாவின் கணீரென்ற ஒற்றை ஓசையும், கேளையாட்டின் குரைப்பும், மந்தியின் கரகரத்த கத்தலும் புலியோ சிறுத்தையோ நடமாடுவதற்கு அடையாளங்கள். இவற்றுள் மிளாவின் குரல் பொய்ப்பது அரிது என்பது அனுபவஸ்தர்கள் கண்ட முடிவு. மூங்கில் முறியும் சத்தம் யானை மேய்வதைக் காட்டும். அச்சத்தம் நெருங்கினால் கூச்சலிடாமல், பட்டாசு வெடிக்காமல், வழிகாட்டியை எழுப்பி, அவர் சொல்கிறபடி ஒரே கூட்டமாக ஒதுங்க வேண்டும். நெருப்பைக் கண்டால் எல்லா மிருகமும் அஞ்சி ஓடிவிடும் என்னும் நம்பிக்கை மிகையானது. சட்டம் தடுத்திருக்கும் இடத்தில் அந்த நெருப்பினால் நேரக்கூடிய தீங்கு நாம் அஞ்சும் தீங்கைவிடப் பெரிது.

சிறு ஜீவன்கள்

பெரிய மிருகங்களைப் பற்றிய அச்சத்தில் சிறியவற்றை மறந்துவிடுகிறோம். மழைக்காலத்துச் சோலையில் அட்டைக்கு உப்பும் புகையிலையும் தேய்த்த நீண்ட காலுறை போதும். கடித்த அட்டையைப் பிய்க்காமல் நகத்தால் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும். உண்ணியின் விஷயம் இதனினும் முக்கியம்: 1957-இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணியினால் பரவுகிறது. குரங்கு இறந்து கிடக்கும் இடத்தில் தங்கக் கூடாது. புல்தரையில் விரிப்பின்றிப் படுக்கவும் கூடாது. வீடு திரும்பியபின் காய்ச்சல் கண்டால் காட்டில் தங்கிய செய்தியை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் வேண்டா. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கே தயாரிக்கப்படுகிறது. மலைக்காட்டில் பச்சைநிறத்தில் கிளையோடு கிளையாகக் கிடக்கும் குழிவிரியன்கள் இந்நான்கில் சேரா. ஆகையால் கையையும் காலையும் பார்த்து வைப்பதே முதல் மருந்து.

புறப்படும்போது

கூடாரத்தைக் கலைத்தபின் அந்த இடம் நாம் வருவதற்கு முன்பு இருந்தவாறே இருக்க வேண்டும். கழிவைக் கால் கஜ ஆழக் குழியில், நீர்நிலைக்கு அறுபது மீட்டருக்கு அப்பால் புதைத்துவிட்டு, மக்காத குப்பை அனைத்தையும் மூட்டைகட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருக்கும் உப்புக்காக அந்த உறையையே மானும் யானையும் விழுங்கிவிடுகின்றன.

மிருகங்களைக் காணாமல் திரும்ப நேர்ந்ததே என்று வருந்துகிற பிரயாணிகள் பலர். யானையின் மூச்சுக்காற்று கேட்கும்படி நெருங்கி நின்றதைப் பெருமையாகப் பேசுகிறவர்களும் உண்டு. அத்தகையோருடைய துணிச்சலுக்கு விலையாகப் பின்னர் உயிரிழப்பது வேறொருவராகவோ, பிடிபட்டுச் சங்கிலியில் கட்டுண்ட யானையாகவோ இருக்கக்கூடும். நம்மால் ஒரு மிருகமும் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை, ஓர் இரவும் தாகத்தோடு திரும்பவில்லை என்று சொல்லக்கூடிய முறையில் தங்கி வந்தவரே காட்டில் நன்றாகத் தங்கியவர். வாசகர்கள் அந்த அளவுகோலையே கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.